தானம் கொடுத்த மாட்டின் பல்: ஏழைக் குடும்பங்களுக்குக் கால்நடை வழங்கும் திட்டங்கள் – செட்டிநாட்டுப் பகுதியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வறுமையில் உள்ள குடும்பங்களுக்கு ஆடு, மாடு வழங்கி அவற்றின் பெருக்கத்தால் அக்குடும்பங்களை உயர்த்தலாம் என்னும் கருத்து இந்தியாவில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அரசுத் திட்டங்களின் வடிவில் செயற்பட்டு வருகிறது. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட விலையில்லாக் கறவை மாடு, ஆடு வழங்கும் திட்டம் அவற்றுள் பெரிய ஒன்று. இத்திட்டங்களின் வெற்றி பெரும்பாலும் வழங்கப்பட்ட கால்நடைகளின் எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. அவ்வளவு போதாது என்பதையும், மேய்ச்சல், உழைப்பு, காத்திருப்புக் காலம், விற்கும் உரிமை ஆகிய நான்கும் பெறுபவரின் பக்கத்திலிருந்து ஆராயப்பட வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. சிவகங்கை மாவட்டக் கண்டரமாணிக்கத்தைச் சூழ்ந்த செட்டிநாட்டு நிலமும் வழக்குகளும் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: விலையில்லாக் கால்நடை, வாரம், மேய்ச்சல் நிலம், பெண்களின் உழைப்பு, செட்டிநாடு, வறுமை ஒழிப்பு.

1. முன்னுரை

‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?’ என்பது தமிழகமெங்கும் வழங்கும் பழமொழி. சந்தையில் மாடு பிடிப்பவர் முதலில் அதன் வாயைத் திறந்து பல்லை எண்ணுவார். பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் இணையிணையாக முளைப்பதைக் கொண்டு வயதைக் கணிப்பது வழக்கம். மாட்டுக்கு முதல் இணை ஏறத்தாழ இரண்டு வயதிலும், ஆட்டுக்கு ஒன்று முதல் ஒன்றரை வயதிலும் முளைக்கும். எட்டுப் பற்களும் நிரம்பிய மாட்டைக் ‘கடை சேர்ந்தது’ என்பர். விலை கொடுத்து வாங்கும்போது செய்யும் இச்சோதனையை, விலையின்றிப் பெற்றபோது செய்வது நன்றியின்மை என்பது பழமொழி தரும் பொருள்.

ஒரு தனிமனிதர் உவந்தளித்த கொடைக்கு இவ்வறம் பொருந்தலாம். மக்களின் வரிப்பணத்தால் அரசு வழங்கும் கால்நடைக்கு இது பொருந்துமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இலவசத்தைக் குறை கூறலாகாது என்னும் மனப்பாங்கு பெறுபவரை மௌனமாக்குகிறது. இலவசம் மக்களைச் சோம்பேறிகளாக்கும் என்னும் எதிர்நிலை திட்டத்தையே ஆராயாமல் ஒதுக்குகிறது. இரண்டும் பல்லைப் பார்ப்பதில்லை. புதிய கணக்கெடுப்பு எதனையும் இக்கட்டுரை முன்வைக்கவில்லை. அரசின் திட்டங்களையும் வெளியான ஆய்வு முடிவுகளையும் செட்டிநாட்டுப் பகுதியின் வாழ்முறையோடு பொருத்தி விளக்குகிறது.

2. கால்நடை: செல்வமா, வருவாயா?

தமிழில் ‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருள் உண்டு. திருக்குறளின் கல்வி அதிகாரத்தில் அச்சொல் இப்பொருளிலேயே ஆளப்பட்டுள்ளது. இலத்தீன் மொழியிலும் பணத்தைக் குறிக்கும் சொல் கால்நடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததே. கால்நடையைச் செல்வமாகக் கருதும் பார்வை ஒரு மொழிக்கு மட்டும் உரியதன்று.

ஆயினும் செல்வம் வேறு, வருவாய் வேறு. செல்வம் சேர்ந்து இருப்பது. வருவாய் தொடர்ந்து வருவது. திட்டம் வகுப்போர் கால்நடையை வருவாய் தரும் சொத்தாகக் காண்கின்றனர். நிலமற்ற குடும்பம் ஒன்று தன் இரண்டு ஆடுகளைப் பெரும்பாலும் கையிருப்பாகவே காண்கிறது. பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, வீட்டு விசேடம் எனப் பெருந்தொகை ஒரே நேரத்தில் தேவைப்படும்போது விற்பதற்காக அவை வளர்க்கப்படுகின்றன. வங்கியில் இட்ட பணம் சில்லறைத் தேவைகளுக்குக் கரைந்துவிடக்கூடும். ஆட்டைச் சிறிது சிறிதாகச் செலவழிக்க இயலாது. அதனாலேயே அது ஏழைக்கு ஏற்ற சேமிப்பாகிறது. திட்டங்களை மதிப்பிடுவதில் எழும் குழப்பங்கள் பல இவ்விரு பார்வைகளின் வேறுபாட்டிலிருந்தே தோன்றுகின்றன.

3. செட்டிநாட்டு நிலமும் வார வழக்கும்

கண்டரமாணிக்கம் செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்று. நகரத்தார் மாளிகைகளால் அறியப்படும் இப்பகுதியின் பெருஞ்செல்வம் இம்மண்ணின் விளைச்சலிலிருந்து எழுந்ததன்று. பர்மா, மலாயா, இலங்கை முதலிய நாடுகளில் நகரத்தார் நடத்திய வட்டித் தொழிலிலும் வணிகத்திலும் ஈட்டப்பட்டது. நிலமோ வானம் பார்த்தது. வற்றாத ஆறு இல்லை. வேளாண்மை கண்மாய்களை நம்பியது. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் நெல் பொய்க்கும். ஆகவே மாளிகைகளின் நிழலில் வாழ்ந்த குறுவிவசாயிகளுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் கால்நடை நெடுங்காலமாக இரண்டாம் ஆதாரமாக இருந்து வந்துள்ளது. சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் அறுவடைக்குப் பின் வயல்களில் ஆடுமாடுகளைக் கிடை போடுவதும், புலிக்குளம் மாட்டினம் இப்பகுதிக்கு உரியதாக அறியப்படுவதும் இதற்குச் சான்றுகள்.

கால்நடை இல்லாத ஏழை அதனைப் பெறுவதற்கு அரசுத் திட்டங்களுக்கு முன்பே ஒரு வழி இருந்தது. அதுவே ‘வாரத்துக்கு விடுதல்’. உடைமையாளர் பெட்டை ஆட்டையோ கிடேரிக் கன்றையோ வளர்ப்பவரிடம் ஒப்படைப்பார். வளர்ப்பவர் மேய்த்துப் பேணுவார். பிறக்கும் குட்டிகளை இருவரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வர். தாய் உடைமையாளருக்கே உரியது. மாடாயின் எரு வளர்ப்பவருக்குச் சேரும். பாலும் கன்றும் பேச்சுப்படி பிரியும். நிபந்தனைகள் ஊருக்கு ஊர் மாறுபடும்.

வாரம் சமத்துவமான ஏற்பாடு எனக் கூறுவதற்கில்லை. உழைப்பு முழுவதும் ஒருவருடையது. பலனில் பாதி மற்றவருடையது. எனினும் அதில் இரண்டு கூறுகள் கவனிக்கத்தக்கன. முதலாவது, ஆட்டைக் கொடுப்பவருக்கு அது நலமாக இருப்பதில் தொடர்ந்து அக்கறை இருந்தது. ஆகவே நோஞ்சான் ஆட்டை அவர் வாரத்துக்கு விடுவதில்லை. இரண்டாவது, யாரால் வளர்க்க முடியும், யாரிடம் ஆளும் நேரமும் உண்டு என்பதை அறிந்தே அவர் கொடுத்தார். விலையில்லாத் திட்டம் வாரத்தின் சுரண்டலை நீக்கியது. அதனோடு இவ்விரு கூறுகளும் நீங்கிவிடாமல் பார்த்துக்கொண்டதா என்பது ஆராயத்தக்கது.

4. கடன்வழி வந்த மாடு: 1978–1999

ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் 1978–79இல் தொடங்கப்பட்டு, 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் அனைத்து வட்டாரங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பம் சொத்து ஒன்றை வாங்குவதற்கு வங்கிக் கடனும் அரசு மானியமும் இணைத்து வழங்கப்பட்டன. சிறு விவசாயிக்குக் கால் பங்கும், குறு விவசாயிக்கும் வேளாண் தொழிலாளிக்கும் மூன்றில் ஒரு பங்கும், பழங்குடியினருக்குப் பாதியும் மானியமாகும். வாங்கப்பட்ட சொத்துகளுள் கறவை மாடு முதன்மையிடம் பெற்றது.

1985இல் பொருளியலறிஞர் நீலகண்ட ரத் இத்திட்டத்தைக் கடுமையாக விமர்சித்தார். வறியவர் அனைவரும் சொத்தைப் பெற்றுச் சிறுதொழில் முனைவோர் ஆகிவிட இயலாது. தீவனமும் சந்தையும் இல்லாத ஊர்களில் மாடுகளைப் பெருக்குவதைவிடக் கூலி வேலைக்கு உறுதியளிப்பதே முதன்மையானது என்பது அவர் வாதத்தின் சாரம். 1990இல் ஜான் திரேஸ் உத்தரப் பிரதேசத்தின் பாலன்பூர் என்னும் சிற்றூரின் அனுபவத்தைக் கொண்டு, உண்மையான ஏழைகள் விடுபட்டு வசதியுள்ளோர் பயனடைந்ததையும் இடைத்தரகர்களின் ஊழலையும் எடுத்துக்காட்டினார். 1999 ஏப்ரலில் இத்திட்டம் சுவர்ண ஜெயந்தி கிராம சுயவேலைவாய்ப்புத் திட்டத்துக்குள் கரைந்தது. தனிக் குடும்பத்தின் இடத்தில் மகளிர் சுய உதவிக் குழு வந்தது.

இக்காலகட்டம் தரும் பாடம் தெளிவானது. மாடு இறந்தாலும் கடன் இறப்பதில்லை. மானியம் ஏழைக்கு, மாட்டின் தரத்தைப் பற்றிய இடர் முழுவதும் அதே ஏழைக்கு.

5. கொடையாக வந்த ஆடு: 2011க்குப் பின்

2011 செப்டம்பர் 15 அன்று அண்ணா பிறந்தநாளில் அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம் கடன் என்னும் கூற்றையே நீக்கியது. ஆண்டுக்கு 12,000 வீதம் ஐந்தாண்டுகளில் 60,000 கறவை மாடுகள். ஒரு குடும்பத்துக்கு நான்கு வீதம் 7 லட்சம் குடும்பங்களுக்கு 28 லட்சம் ஆடுகள் என்பது இலக்கு. பயனாளிகள் பெண்கள். நிலமற்ற, ஏற்கெனவே கால்நடை இல்லாத ஏழைக் குடும்பங்கள் ஆட்டுக்கு உரியன எனக் கொள்ளப்பட்டன. பயனாளிகளின் பட்டியல் கிராம சபையில் வைக்கப்பட்டது. பின்னர், 2021இல் அமைந்த அரசு, கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டோர், ஆதரவற்ற பெண்கள் 38,800 பேருக்கு ஐந்து ஆடுகள் வீதம் முழு மானியத்தில் வழங்கும் திட்டத்தை 75.63 கோடி ரூபாய் மதிப்பில் அறிவித்தது. ஒரு பயனாளிக்கு இது ஏறத்தாழ 19,500 ரூபாய் ஆகும். ஆட்சி மாறியும் கருத்து மாறவில்லை.

பெண்ணின் பெயரில் சொத்து பதிவானது இத்திட்டங்களின் உறுதியான பயன். பயனாளியும் வாங்கும் குழுவோடு சந்தைக்குச் சென்று விலங்கைத் தேர்ந்தெடுக்கலாம் என்னும் ஏற்பாடும் குறிப்பிடத்தக்கது. பழமொழி தடுத்ததைத் திட்டமே அனுமதித்தது; பயனாளி தானே பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்.

கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வெள்ளாடுகள் 2007இல் ஏறத்தாழ 93 லட்சம். 2012இல் 81 லட்சம். 2019இல் 99 லட்சம். செம்மறியாடுகளோ 2012இல் ஏறத்தாழ 48 லட்சமாக இருந்து 2019இல் 45 லட்சமாகக் குறைந்தன. வெள்ளாடுகளின் உயர்வைத் திட்டத்தின் விளைவு எனக் கூறத் தோன்றும். அவ்வாறாயின் செம்மறியின் சரிவையும் திட்டத்தின் கணக்கிலேயே எழுத நேரும். மழை, விலை, மேய்ச்சல், நோய் எனப் பல காரணிகள் இங்குச் செயற்படுகின்றன. மேலும், கணக்கெடுப்பு ஆடுகளின் தலைகளை எண்ணுகிறது. எந்தக் குடும்பம் வறுமையைக் கடந்தது என்பதை அது கூறாது. அதனை அறிய வேறு வினாக்கள் வேண்டும்.

6. ஆராய வேண்டிய நான்கு வினாக்கள்

6.1 எங்கே மேயும்?

நிலமற்ற குடும்பத்தின் ஆடு பிறர் நிலத்திலோ பொது நிலத்திலோதான் மேய வேண்டும். செட்டிநாட்டுப் பகுதியில் கண்மாய் உள்வாய், கரை, தரிசு, சாலையோரம் ஆகியவையே மேய்ச்சலிடங்கள். நெல் நடவு முதல் தை அறுவடை வரை வயற்புறங்கள் ஆட்டுக்கு மூடப்படுகின்றன. அறுவடைக்குப் பின் தாள் மேயலாம். கோடையில் சீமைக்கருவேல நெற்று பெருந்துணை. நிலத்தடி நீருக்குக் கேடு என அம்மரத்தை அகற்ற உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டதை ஒட்டி 2017இல் தென்மாவட்டங்களில் அகற்றும் பணி விரைவுபட்டது. சூழலியல் நோக்கில் அதற்கு நியாயம் உண்டு. ஆயின் அந்நெற்றை நம்பிய ஆடுகளுக்கு மாற்றுத் தீவனம் எது என்பது தனியே எழ வேண்டிய வினா. ஒரு துறை ஆடு கொடுக்க, மற்றொரு துறை மேய்ச்சலைக் குறைத்தால் இழப்பு பயனாளியின் மீதே விழுகிறது. ஒரே ஊரில் ஐம்பது குடும்பங்கள் ஒரே நேரத்தில் நான்கு ஆடுகள் பெற்றால் இருநூறு புதிய வாய்கள் அதே கண்மாய்க் கரைக்கு வரும்.

6.2 யார் மேய்ப்பது?

நான்கு ஆடுகளை மேய்க்கவும் ஓர் ஆள் வேண்டும்; நாற்பதை மேய்க்கவும் ஓர் ஆள் போதும். ஆகவே சிறு எண்ணிக்கையில்தான் உழைப்பின் செலவு மிகுதி. பயனாளி பெண் என்பதால் இவ்வுழைப்பு பெரும்பாலும் அவருடையது. தமிழ்நாட்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் வேலை செய்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்களே. வேலைக்குச் செல்லும் நாளில் ஆட்டைக் கட்டிப்போட வேண்டும். அல்லது முதியவரோ பள்ளிச் சிறுவரோ மேய்க்க வேண்டும்.

இவ்வுழைப்பை மதிப்பிடுவதைப் பொறுத்துக் கணக்கே தலைகீழாகிறது. சந்தோஷ் அனகோல், ஆல்வின் எட்டாங், டீன் கார்லன் ஆகியோர் ஊரக உத்தரப் பிரதேசத்தைப் பற்றி 2013இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டார் உழைப்பைச் சந்தைக் கூலியால் மதிப்பிட்டால் பசு வளர்ப்பு ஆண்டுக்குச் சராசரியாக 64 விழுக்காடும், எருமை வளர்ப்பு 39 விழுக்காடும் நட்டம் தருவதாகக் கண்டனர். உழைப்புக்கு விலையே இல்லை எனக் கொண்டால் எருமை 13 விழுக்காடு ஆதாயம் தந்தது. பசு அப்போதும் சிறிது நட்டத்திலேயே நின்றது. இம்முடிவு விவாதத்துக்கு உட்பட்டது. எனினும், பெண்ணின் உழைப்பைச் சுழியம் எனக் கொள்வதாலேயே பல கால்நடைக் கணக்குகள் ஆதாயத்தில் முடிகின்றன என்பதை அது வெளிப்படுத்துகிறது.

6.3 எத்தனை காலம் காத்திருப்பது?

ஆறு மாதப் பெட்டைக்குட்டி ஒன்றைப் பெறும் குடும்பத்தைக் கருதுவோம். அது சினைப்பட நான்கு முதல் ஆறு மாதங்கள். சினைக்காலம் ஐந்து மாதங்கள். பிறந்த குட்டி விற்பனைக்கு வர மேலும் ஆறு மாதங்கள். முதல் வருவாய் கைக்கு வர ஒன்றேகால் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். இடைப்பட்ட காலத்தில் வடகிழக்குப் பருவமழை ஒரு முறையேனும் வந்து செல்லும். அப்பருவத்தில் செம்மறிக்கு நீலநாக்கு நோயும், எக்காலத்தும் ஆட்டுக்கொல்லி நோயும் அச்சுறுத்துவன. மாட்டுக்குக் கோமாரி, 2013இல் டெல்டா மாவட்டங்களில் அந்நோய் விளைவித்த இழப்பு நினைவுகூரத்தக்கது. காப்பீடு உண்டு. ஆயின் காதுவில்லையும் மருத்துவர் சான்றும் உரிய நேரத்தில் இருந்தால்தான் அது பணமாகும். கறவை மாடு முதல் நாளிலிருந்தே பால் தரும் என்பது உண்மை; ஆயின் முதல் நாளிலிருந்தே தீவனமும் கேட்கும். கறவை வற்றிய பிறகும் அது கேட்பதை நிறுத்தாது.

இக்காத்திருப்புக் காலத்தை எதிர்கொண்ட முறைக்கு வங்கதேசத்தின் பிராக் நிறுவனம் 2002இல் தொடங்கிய திட்டம் முன்னோடி. மிக வறிய குடும்பத்துக்குக் கால்நடையோடு, சில மாதங்களுக்கு உணவுச் செலவுக்கான உதவித்தொகை, பயிற்சி, சேமிப்பு வசதி, மருத்துவ உதவி, ஏறத்தாழ இரண்டாண்டுகள் தொடர்ந்து வீட்டுக்கு வந்து வழிகாட்டல் ஆகியனவும் வழங்கப்பட்டன. இம்முறையை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் சோதித்த அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். உதவி முடிந்து ஓராண்டுக்குப் பின்னும் குடும்பங்களின் நுகர்வும் சொத்தும் உயர்ந்தே இருந்தன. மேற்கு வங்கத்தில் இத்திட்டத்தைப் பெற்ற குடும்பங்களிடம் பத்தாண்டுகளுக்குப் பின்னும் அவ்வுயர்வு நிலைத்தது.

இதற்கு மாறான முடிவும் உண்டு. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் இதே முறையை ஆராய்ந்த ஜோனதன் பௌஷே, ஜோனதன் மார்டக், ஷாமிகா ரவி ஆகியோர், கால்நடை வருவாய் கூடிய அளவுக்குக் கூலி வருவாய் குறைந்ததால் மொத்தத்தில் மாற்றமில்லை என 2015இல் எழுதினர். கூலி வேலை கிடைக்கும் இடத்தில் ஆடுமாடு அதனைப் பதிலீடு செய்கிறதேயன்றி அதனோடு கூடுவதில்லை. கூலிச் சந்தை வலுவான தமிழ்நாட்டுக்கு, வங்கத்தைவிட இந்த அண்டைப்பகுதியின் பாடமே நெருக்கமானதாகலாம்.

6.4 எப்போது, எவ்வாறு விற்பது?

வழங்கப்பட்ட ஆட்டைக் குறிப்பிட்ட காலம் வரை விற்கலாகாது என்பது இத்தகைய திட்டங்களின் பொது நிபந்தனை. ஆய்வு அறிக்கைகளும் ஆடு விற்கப்பட்டதைத் திட்டத்தின் தோல்வியாக எண்ணுகின்றன. கையிருப்பு என்னும் பார்வையில் இது சரியன்று. மருத்துவச் செலவுக்கு ஆட்டை விற்ற குடும்பம் வட்டிக்கு வாங்காமல் தப்பியிருக்கிறது. அதுவும் ஆட்டின் பயனே.

கேட்க வேண்டியது விற்றாரா என்பதன்று. என்ன விலைக்கு விற்றார் என்பதே. ஆட்டு வியாபாரி கண்ணால் பார்த்து, கையால் தூக்கிப் பார்த்து உத்தேசமாக விலை சொல்வார். கோயில் நேர்ச்சைக் கிடாவுக்கும், பக்ரீத், தீபாவளிக்கும் விலை ஏறும். அதுவரை காத்திருக்கும் வலு உள்ளவர் அவ்விலையைப் பெறுவர்; நெருக்கடியில் விற்பவர் கிடைத்ததைப் பெறுவர். ஒரே ஆடு, இரு விலை. பால் கூட்டுறவுச் சங்கத்தில் கொழுப்புச் சத்தும் இதரச் சத்தும் அளந்து பாலுக்கு விலை தரப்படுகிறது. ஆடு விற்பவருக்கு அத்தகைய அளவுகோல் ஊரில் இல்லை. உயிர் எடை பார்க்கும் தராசு ஒன்று ஊராட்சிதோறும் இருப்பின் நெருக்கடி விற்பனையின் இழப்பு குறையும். ஓர் ஆட்டின் விலைக்கும் மிகாத இதன் செலவு அரசுக்கு அரிதன்று.

விற்பனையோடு தொடர்புடையது எண்ணிக்கை. கிளேர் பல்போனி, ஓரியானா பாண்டியேரா, மைத்ரீஷ் கட்டக் உள்ளிட்டோர் வங்கதேசத் தரவுகளைக் கொண்டு 2022இல் வெளியிட்ட ஆய்வு, சொத்தில் ஒரு வாயிற்படி உண்டு எனக் காட்டியது. அதனைக் கடந்த குடும்பங்கள் மேலும் சேர்த்தன. கடவாதவை பழைய நிலைக்கே சரிந்தன. முதல் நெருக்கடியில் நான்கில் இரண்டை விற்கும் குடும்பம் படிக்குக் கீழே நின்றுவிடும். பத்தில் இரண்டை விற்கும் குடும்பம் மீளும். குறைந்த எண்ணிக்கையைப் பலருக்குப் பங்கிடுவதா, போதிய எண்ணிக்கையைச் சிலருக்கு அளிப்பதா என்பது எளிதில் விடை காண இயலாத அரசியல் வினா. ஆயின் அது மறைக்கப்படாமல் கேட்கப்பட வேண்டும்.

7. முடிவுரை

கால்நடை வழங்குதல் பயனற்றது என்றோ, அது ஒன்றே வறுமையைப் போக்கும் என்றோ கூறுவதற்குச் சான்றுகள் இடம் தரவில்லை. மேய்ச்சல், ஆள், காத்திருப்புக் காலத்துக்கான உதவி, நியாயமான விலை ஆகிய நான்கும் அமைந்த இடத்தில் நான்கு ஆடுகள் பெருகும். அமையாத இடத்தில் அவை நான்கு கவலைகளாகும். கடன்வழித் திட்டம் இடரை ஏழையிடம் விட்டது. விலையில்லாத் திட்டம் கடனை நீக்கியது. எனினும் மேய்ச்சலின் இடரும் உழைப்பின் செலவும் அவரிடமே உள்ளன.

இதனை ஆராய்வதில் தமிழியல் ஆய்வாளர்க்கும் பங்குண்டு. வாரம், கிடை, நேர்ச்சை, கைமுதல் முதலிய வழக்குகள் வெறும் சொற்பட்டியல்கள் அல்ல; யார் கொடுப்பது, யார் உழைப்பது, யார் பெறுவது என்பதை ஊர் வகுத்துக்கொண்ட முறைகள். ஊர்தோறும் வார வழக்கின் நிபந்தனைகளைத் தொகுத்து, விலையில்லா ஆடு வந்தபின் அவை எவ்வாறு மாறின என்பதைப் பெண் பயனாளிகளின் வாய்மொழியாகவே பதிவுசெய்தல் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும். 2011இல் ஆடு பெற்ற பெண்கள் பலர் இன்று முதுமையை நெருங்கியுள்ளனர். அந்த நான்கு ஆடுகள் என்னவாயின என்பதை அவர்களே சொல்ல வல்லவர்கள். தானமாக வந்த மாட்டின் பல்லைப் பார்ப்பது நன்றியின்மை ஆகாது. அதனை வளர்க்கப்போகிறவருக்கு அதன் வயதை அறியும் உரிமை உண்டு.